கணக்குக் காட்டாதோர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நம்மிற் பலர் குடவோலைத் தேர்தலுக்காகவே அறிவோம். ஆனால் அவற்றில் நம்மை நெடுநேரம் சிந்திக்கவைக்கும் விதி வேறொன்று. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறலாகாது. பதவி முடிந்தாலும் பொறுப்பு முடிவதில்லை என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதிவைத்தனர்.

வணிகத்திற்கு இத்தகைய விதி நெடுங்காலம் இருந்ததில்லை. பொருள் விலைபோனதும் உற்பத்தியாளர் கடமை தீர்ந்தது. பழுதானால் அது வாங்கியவர் பாடு, ஊரார் பாடு. இவ்வழக்கத்தை மாற்றும் கருத்தை 1990இல் சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்தார். கழிவை அகற்றும் செலவு தயாரித்தவரையே சேருமானால், எளிதிற் பிரித்தெடுக்கத்தக்க பொருளையே அவர் முதலில் வடிவமைப்பார் என்பது அக்கருத்தின் உயிர்நாடி.

இனி நம் ஊர்களைப் பார்ப்போம். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. குடிசைக்குள்ளும் உலகம் வந்தது; அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் அப்பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. பெட்டி பழுதானால் காயலான் கடையில் செம்புக் கம்பிச்சுருளுக்கு விலை உண்டு. கண்ணாடியைக் கேட்பாரில்லை, அது குப்பைமேட்டிற்குப் போகிறது. ஏரியைக் காக்கவே தனி வாரியம் அமைத்த ஊரில், மழைநீர் அந்த மேட்டைக் கழுவிக்கொண்டு எங்கே போய்ச் சேரும் என்று நாம் கேட்பதுண்டா?

உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் மின்னணுக் கழிவு விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. எவ்வளவு திரும்பப் பெறவேண்டும் என்று அவை கூறவில்லை. இலக்கு வகுத்தவை 2016ஆம் ஆண்டின் விதிகள். 2018இல் அதுவும் தளர்ந்து, முதலாண்டிற்கு 10 விழுக்காடாகச் சுருங்கியது.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் இலக்கு 60 விழுக்காட்டில் தொடங்குகிறது. 2027–28இல் 80 ஆகவேண்டும். இந்த உயர்வை நாம் வரவேற்கிறோம். ஆயினும் தயாரித்த நிறுவனம் தன் பெட்டியைத் தேடி ஊருக்கு வரவேண்டிய கட்டாயமில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அச்சான்றிதழுக்கு முதற்கட்டமாகக் குறிக்கப்பட்டவை பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கே. காயலான் கடைக்காரரும் இவற்றைத்தான் கேட்கிறார். ஈயக் கண்ணாடி அந்தக் கணக்கிலும் சேரவில்லை.