ஐந்து பவுண்டுப் பங்கில் உயிர்பெற்ற இதழ்



சிற்றிதழ் என்றால் கவிதையும் இலக்கியத் திறனாய்வும் மட்டுமே பலரின் நினைவுக்கு வரும். விண்வெளிக் கதைகளுக்காகவே நடத்தப்பட்ட 'நியூ வோர்ல்ட்ஸ்' என்னும் பிரிட்டிஷ் இதழின் வரலாற்றை இன்று பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1936-இல் இங்கிலாந்தின் அறிவியல் புனைகதை வாசகர்கள் 'நோவே டெர்ரே' என்ற இதழைத் தொடங்கினர். 'புதிய உலகங்கள்' என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். ஸ்டென்சில் வெட்டி உருட்டியெடுத்த தாள்கள்தாம் அந்த இதழ். (மாணவப் பருவத்தில் மை நாற்றம் மாறாத தேர்வுத்தாள்களை வாங்கிய என் தலைமுறையினருக்கு அதன் தோற்றத்தை விளக்கத் தேவையில்லை!) 1939-இல் ஜான் கார்னல் அதன் பொறுப்பை ஏற்று, பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினார். அதனை முறையான அச்சிதழாக்க 1940-இல் அவர் முயன்றபோது பதிப்பு நிறுவனம் மூடப்பட்டது. அவரும் போருக்கு அழைக்கப்பட்டார்.

போர் முடிந்து திரும்பியவர் 1946-இல் பெண்டுலம் பப்ளிகேஷன்ஸ் வழியாக முதல் இதழை வெளிக்கொணர்ந்தார். அச்சிட்டவை 15,000 படிகள். விற்றவை 3,000 மட்டுமே. அட்டைப்படமே குறை என்று கார்னல் உறுதியாக நம்பினார். இரண்டாம் இதழுக்குப் புதிய விண்வெளிக் காட்சியைத் தாமே திட்டமிட்டு ஓவியரிடம் கொடுத்தார். விளம்பரமும் துணைநிற்க, அவ்விதழ் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. தேங்கிக் கிடந்த முதல் இதழின் அட்டைகளைக் கிழித்தெறிந்துவிட்டு, இரண்டாம் இதழின் அட்டையையே ஒட்டி, விலையையும் சற்றுக் குறைத்து மறுபடி விற்பனைக்கு விட்டனர். அதுவும் நன்றாகவே விற்றது. கதைகள் என்னவோ அதே கதைகள்தாம்! பள்ளி மலருக்கு ஏதோ ஓர் அட்டை போதும் என்று கடைசி நாளில் கையை விரிக்கும் நம்மவர்களுக்கு இச்செய்தியைக் காணிக்கையாக்குகிறேன்.

எனினும் மூன்றாம் இதழோடு, 1947-இல், பெண்டுலம் நொடித்துப்போனது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. இலண்டன் ஃபெட்டர் லேனில் 'வைட் ஹார்ஸ்' என்ற மதுவிடுதி இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் எழுத்தாளர்களும் வாசகர்களும் அங்கே கூடுவர். ஆர்தர் சி. கிளார்க்கும் வருவார். பதிப்பாளர் இல்லையெனில் நாமே பதிப்பாளர் ஆவோம் என அவர்கள் முடிவெடுத்தனர். பங்கு ஒன்று 5 பவுண்டு என விற்று 'நோவா பப்ளிகேஷன்ஸ்' நிறுவனத்தை உருவாக்கினர். எழுத்தாளர் ஜான் விண்டமும் அதில் பங்கேற்றார். போருக்குப் பின் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்று உணவு வாங்கிய மக்கள், கதைகளுக்காக அப்பணத்தைக் கொடுத்தனர் என்பதை எண்ணிப்பாருங்கள். 'கதைப் புத்தகத்துக்கா காசு?' என்ற கேள்வியைப் பெற்றோர் சந்திப்பு நாள்களில் கேட்டுப் பழகிய எனக்கு அவர்கள்மீது தனி மரியாதை உண்டு.

1949-இல் நான்காம் இதழ் வெளிவந்தது. எண்ணை ஒன்றிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். 1954-இல் மக்லாரன் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகு அது மாத இதழாயிற்று. 1956-இல், அப்போது பெயர் அறியப்படாத ஜே. ஜி. பல்லார்டின் கதை அதில் இடம்பெற்றது.

விற்பனை சரிந்து இதழ் மூடப்படும் நிலை 1960-களில் மீண்டும் வந்தது. வேறொரு பதிப்பாளர் அதனை வாங்கினார். 1964-இல், 141 இதழ்கள் வெளிவந்திருந்த நிலையில், கார்னல் ஆசிரியர் பொறுப்பை மைக்கேல் மூர்காக்கிடம் ஒப்படைத்தார். அந்த இளைஞருக்கு அப்போது வயது 24.