செத்த அயிரை மண்ணைக் கக்காது

அம்மா அயிரை மீனுக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய் பெருகி மடை திறந்துவிட்டால், வாய்க்காலின் குறுக்கே பழைய சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டி தேறும். விரால் அகப்பட்டால் விற்பதற்கு, அயிரை வீட்டுக்கு.

விரல் நீளம் இருந்தாலே பெரிய அயிரை. மீசை வைத்த வாயால் அடிமணலைத் துழாவித் தின்னும், வயிறெல்லாம் மண். அம்மா அதைத் தேங்காய்ப்பாலில் விடுவாள். பாலைக் குடித்து மண்ணைக் கக்கும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்போடு போட்டு, சட்டென்று மூடி அமுக்கிக்கொள்வாள். உள்ளே தகரத்தில் மழை விழுகிற சத்தம். அடங்கியதும் உரசிக் கழுவினால் வழுவழுப்பு போய்விடும். தலை கிள்ளுவதில்லை. புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து வற்றியபின் கடைசியில் போடுவாள். கரண்டி விட்டுக் கிண்டினால் திட்டு விழும்.

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நக்கீரர் தவமிருந்தபோது ஓர் இலை விழுந்து, நீரில் பட்ட பாதி மீனாகவும் கரையில் பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்ததாகக் கதை. அது அயிரையாக இருக்காது; பறவையோடு இழுபறிக்கு நிற்கும் பலம் அதற்கேது? குறுந்தொகையில் கீழ்க்கடல் ஓரத்துக் கிழட்டு நாரை ஒன்று, எங்கோ மேற்கே சேரனின் தொண்டித் துறையில் கிடக்கும் அயிரைக்கு ஏங்குகிறது. அந்த நாரையின் நிலைமைதான் இப்போது எனக்கு.

1952-இல் ஆப்பிரிக்க மீனான திலாப்பியாவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்து நாமும் சேர்த்துக்கொண்டோம். கூடவே கட்லா, ரோகு. கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் தான் குஞ்சு விட்ட மீனுக்குத்தான் கணக்குப் பார்ப்பார். அயிரைக்குக் குஞ்சு விட்டவர் யார்? புதுத் தண்ணீரோடு அதுவாக வந்தது. அதற்கு வேண்டியது மணல் படிந்த வாய்க்காலும் தண்ணீர் நிற்கும் நெல்வயலும். நாங்கள் சேலை விரித்த வாய்க்கால் இன்று சிமெண்ட் தளம்; வயல் இன்று வீட்டுமனை.

அரிதானதும் மவுசு வந்துவிட்டது. மதுரை மெஸ்களில் அயிரைக் குழம்பு சாப்பிட வெளியூரிலிருந்து காரில் வருகிறார்கள். சந்தையில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டிப் போகிறது. காசு போனாலும் பரவாயில்லை என்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீரில் உயிரோடு நெளிவதை மட்டும் வாங்குங்கள். ஐஸில் கிடப்பதை எத்தனை பாலில் போட்டாலும் மண் வயிற்றிலேயே இருக்கும்.