வீட்டுக் கணினிக்கு வந்த பூட்டு

வருமுன் காப்பதே அறிவுடைமை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனால் கணினியின் கதையைப் பார்த்தால், திருடன் முதலில் வந்திருக்கிறான். பூட்டு பிறகுதான் வந்திருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் மிமோஸ் நிறுவனம் 'ஜாரிங்' என்னும் இணையச் சேவையை நம் நாட்டில் தொடங்கியது. ஜாரிங் என்றால் மலாயில் வலை. டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணைப்பு. அந்நாளில் தூரத்துக் கணினிக்குள் நுழைய 'டெல்நெட்' என்ற முறை இருந்தது. அதில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் போகும். தபால் அட்டை மாதிரி, வழியில் யாரும் படிக்கலாம். 1995இல் பின்லாந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழகக் கணினி வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒற்றறிந்து திருடினார்கள். அதைக் கண்ட டாட்டு இலோனன் என்ற ஆய்வாளர் 'எஸ்.எஸ்.எச்.' முறையை உருவாக்கினார். தபால் அட்டை, ஒட்டிய உறைக்குள் போனது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 1997இல் கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. கணினி ஆபத்துகளைக் கவனிக்க 'மைசெர்ட்' குழுவும் அதே ஆண்டில் பிறந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல் கிளம்பி உலகக் கணினிகளைப் பாழாக்கியது. பிலிப்பைன்ஸில் அதற்கேற்ற சட்டம் அப்போது இல்லாததால் வழக்கே நிற்கவில்லை!

பிறகு அகன்ற அலைவரிசை வந்தது. 2001இல் 'ஸ்ட்ரீமிக்ஸ்' அறிமுகமானது. வீட்டுக் கணினி நாள் முழுதும் இணைப்பிலேயே இருக்கலாம். வாசல் கதவு எந்நேரமும் திறந்தே கிடப்பது போல. 2003இல் பரவிய 'பிளாஸ்டர்' புழுவுக்கு யாரும் கடிதத்தைத் திறக்கவும் வேண்டியதில்லை. காப்பில்லாத கணினி இணைப்பில் இருந்தால் போதும், தானே நுழைந்துவிடும். மறு ஆண்டுதான் விண்டோஸ் எக்ஸ்பியின் தடுப்புச் சுவர் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளே ஆபீசும் பள்ளிக்கூடமும் ஆயின. வீட்டிலிருந்தே அலுவலகக் கணினிக்குள் நுழையும் பழக்கம் பரவியது.

பூட்டு பலமானதும் திருடன் சாவிக்காரரிடமே வந்தான். "பேங்கிலிருந்து பேசுறோம், போனுக்கு வந்த டேக் நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டான். 2022இல் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. அதே ஆண்டு மோசடிகளுக்கான தேசிய உதவி எண் 997 தொடங்கப்பட்டது.

மாணவர்களே! உங்கள் தாத்தா பாட்டி விடிகாலையில் எழுந்து பால்மரம் சீவிச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணம் இன்று ஒரு கைப்பேசிக்குள் இருக்கலாம். அதைத் திறந்து பார்க்க அவர்கள் கூப்பிடுவது உங்களைத்தான். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். புதுப்பிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். முன்பின் தெரியாதவர் சொல்லும் செயலியை ஏற்றாதீர்கள். அவர் தூரத்திலிருந்தே கணினியை ஆட்டிவைப்பார். டேக் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கோ 997க்கோ போன் செய்யுங்கள்.

இத்தனை காலம் திருடன் முந்திக்கொண்டான். நம் வீட்டிலாவது பூட்டு முந்தட்டும்!