ஹூ, ஹூம்: ஓர் ஒற்றெழுத்தின் வரலாறு

ஆங்கிலத்தில் வினா எழுப்பும்போது 'ஹூ' என்பதா, 'ஹூம்' என்பதா என்னும் ஐயம் நம் மாணவர் பலரைத் தேர்வுக் கூடத்திலும் நேர்காணலிலும் அலைக்கழித்து வருகின்றது. இவ்விரு சொற்களையும் வேறுபடுத்துவது இறுதியில் நிற்கும் மகர மெய் ஒன்றே. என் இளமையில் வேலைக்கான நேர்காணல் ஒன்றில், 'நேற்று நீ யாரைச் சந்தித்தாய்?' என்பதை ஆங்கிலத்தில் கூறுமாறு பணித்தனர். 'ஹூ டிட் யூ மீட் எஸ்டர்டே?' என்றேன். எதிரில் அமர்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் நோக்கி நகைத்தனர். அவருள் ஒருவர், "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று வினவினார். அவர் அறிய விரும்பியது பள்ளியை மட்டுமன்று என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அந்த நகைப்புக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே கற்றறிந்தேன்.

பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழி. அதில் எழுவாய்க்கு 'ஹ்வா', நம் இரண்டாம் வேற்றுமைக்கு நிகரானதற்கு 'ஹ்வொனெ', நான்காம் வேற்றுமைக்கு நிகரானதற்கு 'ஹ்வாம்' என மூன்று வடிவங்கள் வழங்கின. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதையடுத்த நூற்றாண்டுகளில், முன்னரே தளர்ந்துகொண்டிருந்த உருபுகள் பெரும்பாலும் உதிர்ந்தன. 'ஹ்வொனெ' வழக்கொழிந்தது, அதன் பணியையும் நான்காம் வேற்றுமை வடிவமே ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய 'ஹூம்'. ஆகவே 'யாரை' என்பதற்கு நாம் எழுதும் 'ஹூம்', பிறப்பால் 'யாருக்கு' என்பதேயாகும். இன்று தூய இலக்கணமெனப் போற்றப்படும் வடிவமே ஒரு காலத்தில் மற்றொன்றின் இடத்தைப் பற்றிக்கொண்டதுதான்!

உருபுகள் உதிர்ந்தபின் பொருளைக் காக்கும் பொறுப்பைச் சொற்களின் வரிசை ஏற்றது. தமிழில் 'யாரை நீ கண்டாய்', 'நீ யாரைக் கண்டாய்' என எப்படி மாற்றி வைப்பினும் 'ஐ' உருபு பொருளைக் காத்து நிற்கும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'ஹூ சா யூ?' என்றால் உன்னைக் கண்டவர் யார் என்பது பொருள். 'ஹூ டிட் யூ சீ?' என்றால் நீ கண்டது யாரை என்பது பொருள். வினா வாக்கியத்தில் 'டூ', 'டிட்' ஆகிய துணைவினைகள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பெருகிப் பரவின. வினாச்சொல்லே எழுவாயாக நிற்கும்போது மட்டும் அவை வருவதில்லை. வேறுபாட்டைத் துணைவினையும் வரிசையும் காட்டிவிடுவதால் இறுதி மகரத்திற்கு வேலை குறைந்தது. மேலும், ஆங்கில வாக்கியத்தின் தலைப்பு எழுவாயின் இருக்கை; அங்கு வந்தமரும் வினாச்சொல் எழுவாய் வடிவத்தையே நாடுவது இயல்பு. ஷேக்ஸ்பியரின் நாடக மாந்தரும் இலக்கணம் 'ஹூம்' கோரும் இடங்களில் 'ஹூ' என்றே பலமுறை வினவுகின்றனர்.

அதனைக் குற்றமென எழுதியவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் லௌத். இலத்தீன், எபிரேயப் புலமை மிக்க இவர், பின்னாளில் இலண்டன் பேராயராக விளங்கியவர். 1762-இல் வெளிவந்த இவரது ஆங்கில இலக்கண நூலின் அடிக்குறிப்புகளில், 1616-இல் மறைந்த ஷேக்ஸ்பியர் பிழை செய்தவராகக் காட்சியளிக்கின்றார். அரசர் ஜேம்ஸின் ஆணைப்படி 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பும் தப்பவில்லை. மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில், தம்மை யாரென்று சீடர்கள் கருதுகின்றனர் என இயேசு வினவும் இடத்தில், அம்மொழிபெயர்ப்பு 'ஹூம்' என்று எழுதிவிட்டது. இருந்திருக்க வேண்டியது 'ஹூ'. தமிழில் இதனை எண்ணிப் பார்த்தால் உடனே புலப்படும்: 'என்னை யாரென்று' என்போமேயன்றி 'யாரையென்று' என்னோம். கிரேக்க மூலத்தில் அவ்விடத்தே செயப்படுபொருள் வடிவம் நிற்பது மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்தது போலும். 1881-இல் திருத்திய பதிப்பில்தான் அது 'ஹூ' என மாறிற்று. கற்றறிந்த பெருமக்கள் பலர் கூடிச் செய்த நூலில் 270 ஆண்டுகள் நிலைத்த பிழை அது. அவர்களை எவரும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

லௌத்தின் வழியைப் பின்பற்றி லிண்ட்லி மர்ரே 1795-இல் எழுதிய இலக்கணம் இலட்சக்கணக்கில் விற்பனையாகி, விதியைப் பள்ளிகளில் நிலைநாட்டியது. மாற்றுக் குரலும் இல்லாமல் இல்லை. அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1789-லேயே, இத்தகைய வினாக்களில் மக்கள் வாயில் இயல்பாக வழங்குவது 'ஹூ' என்பதே என வாதிட்டார்.

விதியைக் கற்க வேண்டா என்று யான் கூறவில்லை. எழுத்துத் தேர்வு விதியைக் கேட்கிறது. நாம் அறிந்தே ஆக வேண்டும். நம் இளைஞர்க்கு இதில் ஒரு வசதியும் உண்டு. வினாவைத் தமிழில் எண்ணிப் பாருங்கள்: 'யார்' எனில் 'ஹூ', 'யாரை', 'யாருக்கு', 'யாரிடம்' எனில் ஏட்டு வழக்கில் 'ஹூம்'. ஆங்கிலேயச் சிறுவனுக்குத் தன் தாய்மொழி கொடாத அளவுகோல் இது. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் வெளியிட்ட 'ஹூ வேர் தி சூத்ராஸ்?' என்னும் நூலின் பெயரே நல்ல சான்று. சூத்திரர்கள் யார் என்பதே வினா. 'யாரை' என்பதற்கு அங்கு இடமில்லை. ஆதலின் 'ஹூம்' அங்கு ஒருக்காலும் வாராது.

பேச்சு வழக்கிலோ நிலைமை வேறு. மொழியறிஞர் எட்வர்ட் சபீர் 1921-இல் எழுதிய நூலில், இன்னும் இருநூறு ஆண்டுகளுக்குள் மிகக் கற்ற சட்ட அறிஞரும் இத்தகைய வினாவில் 'ஹூம்' என்று கேட்க மாட்டார் என முன்னுரைத்தார். அதில் பாதிக் காலம் கடந்துவிட்டது. வினாக்களின் தலைப்பில் 'ஹூம்' அரிதாகிவிட்டபோதிலும், 'டு', 'ஃபார்' போன்ற முன்னிடைச் சொற்களை அடுத்து அது இன்னும் உறுதியாக நிற்கின்றது. நம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து பெற்றுவரும் நன்னடத்தைச் சான்றிதழ்களின் உச்சியைப் பாருங்கள்: 'டு ஹூம்சோஎவர் இட் மே கன்சர்ன்'.