எச்டி தொலைக்காட்சியின் படத்தரம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தை முன்வைத்து

எச்டி தொலைக்காட்சியின் படத்தரம் என்பது, ஒளிப்பதிவாளரும் வண்ணம் சீர்செய்தவரும் முடிவு செய்து அனுப்பிய படத்துக்கு, வீட்டுத் திரையில் தெரியும் படம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். நுணுக்கம், நிறம், கருமையின் ஆழம், அசைவின் இயல்பு ஆகியவை இதில் அடங்கும். இவற்றைத் தீர்மானிப்பவை மூன்று: பேனல், அதற்குள் வந்து சேரும் சிக்னல், மெனுவில் உள்ள அமைப்புகள். வாங்குபவர் பணம் கொடுப்பது முதலாவதற்கு. விளம்பரங்கள் பேசுவதும் அதைப் பற்றியே. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் மற்ற இரண்டால்தான். தொலைக்காட்சி தயாராகும் ஊர்களும் இதற்கு விலக்கல்ல.

தடமும் பேனலும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி சிப்காட் தொழிற்பூங்காக்கள் வளர்ந்திருக்கின்றன. ஒரகடம் கார், லாரி, மோட்டார் சைக்கிள்களுக்குப் பேர்போனது. மின்னணு ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் அதிகம். நோக்கியா 2006இல் இங்கே கைபேசி ஆலையைத் தொடங்கி 2014இல் மூடியது. நொய்டாவை அடுத்து இந்தியாவில் தன் இரண்டாவது ஆலையை சாம்சங் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்தது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவை அங்கே தயாராகின்றன. சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு 2024 செப்டம்பர் 9இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அது அக்டோபர் நடுப்பகுதி வரை நீடித்தபோது அந்த ஆலை நாடு முழுவதும் பேசப்பட்டது.

தொலைக்காட்சி உற்பத்தி அங்கே தடையில்லாமல் நடக்கவில்லை. விலையில் பெரும்பங்கை விழுங்குவது, பேனலின் அடிப்படையான ஓபன் செல் எனப்படும் உறுப்பு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் அடைத்து, இயக்கும் சில்லுகளைப் பொருத்தியது அது. ஒளி தரும் பாகம் அதில் இருக்காது. தொலைக்காட்சி அளவுக்கு அதைத் தயாரிக்கும் ஆலை இந்தியாவில் இல்லை. சீனா, தைவான் என்று வெளியிலிருந்தே வருகிறது. 2018 பட்ஜெட்டில் அதற்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சாம்சங் இங்கே தொலைக்காட்சி தயாரிப்பதை நிறுத்திவிட்டு, ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகையில் வியட்நாமிலிருந்து முழுப் பெட்டியாகவே கொண்டுவந்தது. உதிரி பாகத்துக்கு வரி, முழுப் பொருளுக்குச் சலுகை என்றால் எந்த நிறுவனமும் அதைத்தான் செய்யும். 2019 செப்டம்பரில் அந்த வரி நீக்கப்பட்டது. 2020 ஜூலையில் வண்ணத் தொலைக்காட்சி இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு உற்பத்தி மீண்டும் உள்நாட்டுக்குத் திரும்பியது. 2020 அக்டோபரில் ஓபன் செல்லுக்கு 5 விழுக்காடு வரியும் திரும்பி வந்தது. இதே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடி தயாரிக்கிறது. ஆனால் அது கட்டடத்துக்கான கண்ணாடி. திரைக்கு வேண்டிய, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கண்ணாடி வேறு தொழில்நுட்பம்.

ஆலையில் செய்யும் வெண்மைச் சரிப்பு

எந்தத் தொலைக்காட்சி ஆலையிலும் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். தூசியில்லாத அறையில் ஓபன் செல்லின் பின்னால் ஒளி பரப்பும் தாள்களும் எல்இடி பட்டைகளும் சேர்க்கப்படும். மெயின் போர்டு, பவர் போர்டு, ஸ்பீக்கர் ஏறும். பெட்டியை நெடுநேரம் ஓடவிட்டுச் சோதிப்பார்கள். லைனின் கடைசிப் பகுதியில், திரைக்கு முன்னால் வண்ணமானி ஒன்று நிற்கும். வெள்ளைக் காட்சியைத் திரையில் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் விகிதத்தை அது அளக்கும். இலக்கிலிருந்து விலகினால் மென்பொருள் திருத்தி அந்த எண்களைப் பெட்டியின் நினைவகத்தில் எழுதிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் இந்த எண்கள் வேறு. ஒரே மாடலில்கூட இரண்டு நிறுவனங்களின் பேனல் கலந்து வரலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு பேனல்களும் நூற்றுக்கு நூறு ஒத்திருப்பதில்லை.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில், எந்தப் பட முறை, ஷார்ப்னஸ் எவ்வளவு, எதை அணைக்க வேண்டும் என்பதையெல்லாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வைட் பேலன்ஸ் பகுதியில் அவர் வைத்த எண்களை மட்டும் தொடக்கூடாது. அவை அவருடைய பெட்டிக்கானவை. மற்றொன்றில் முகங்களை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மாற்றிவிடும்.

சிக்னல்: குறை தொடங்கும் இடம்

புதிய பெட்டி வந்த வாரத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு, "பழைய டிவியே தேவலாம்" என்பது. அதில் உண்மை இருக்கிறது. 2006 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி. ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. சிறிய திரை, விளிம்புகளை இயல்பாகவே மென்மையாக்கும் படக்குழாய். சிக்னலின் குறைகளை அது மறைத்துவிட்டது. அதே சிக்னலை 43 அங்குலத் தட்டைத் திரையில் விரித்தால் மறைந்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண எஸ்டி ஒளிபரப்பில் ஒரு படச்சட்டத்துக்கு 720 பெருக்கல் 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20.7 லட்சம். 4கே திரையில் 83 லட்சம். எஸ்டி சானலை 4கே பெட்டியில் பார்க்கும்போது, திரையிலுள்ள ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் ஒன்றுக்குத்தான் நிலையத்திலிருந்து தகவல் வருகிறது. மீதி 19ஐப் பெட்டியின் செயலி ஊகித்து நிரப்புகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செயலியானாலும், அனுப்பப்படாத நுணுக்கத்தை அதனால் உண்டாக்க முடியாது.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் சந்தாதாரர்களுக்கு இலவசமாகப் போன செட்டாப் பாக்ஸ்கள் எஸ்டி வகை. குறைந்த கட்டணத்தில் எல்லோருக்கும் கேபிள் என்ற நோக்கத்துக்கு அது பொருந்தியது. எச்டி திரைக்குத்தான் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, பழைய டிவியில் செருகியிருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர்களையே புதிய டிவியிலும் செருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. மஞ்சள் வயர் ஒன்றில்தான் ஒளியளவும் நிறமும் கலந்து வருகின்றன. பிரித்தெடுக்கும்போது ஒன்றின் மிச்சம் மற்றதில் தங்கிவிடும்: எழுத்துகளின் ஓரத்தில் ஊரும் புள்ளிகளும், கோடு போட்ட சட்டையில் தோன்றும் வானவில்லும் அதனால்தான். எச்டிஎம்ஐ வாய் உள்ள பாக்ஸ் என்றால், எஸ்டி சானலாகவே இருந்தாலும் அந்த வழியே இணைப்பது நல்லது. ஒரே வயரில் இவ்வளவு மாற்றம் தரும் வேலை இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

எச்டிக்குப் பாக்ஸ், சானல், பாக்ஸின் மெனு மூன்றும் எச்டியாக இருக்க வேண்டும். சன் டிவி எச்டி 2011 இறுதியில் வந்தது. அதற்குத் தனிச் சந்தா. பணம் கட்டியும் பழக்கத்தில் எஸ்டி எண்ணையே அழுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. பாக்ஸின் வீடியோ அமைப்பு 576இல் நின்றிருந்தால் 1080ஐ என்பதற்கு மாற்ற வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிளுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. அதில் போவது எண்கள். வந்து சேர்ந்தால் முழுதாகச் சேரும். சேராவிட்டால் திரையில் மின்னல் புள்ளி தெறிக்கும் அல்லது படம் விட்டுவிட்டு வரும். தங்க முலாம் நிறத்தைக் கூட்டாது. 4கே எச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரிக்கும் முறை) பிளேயரோ விளையாட்டுக் கருவியோ இணைக்கும்போது மட்டும் நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். டிவி மெனுவில் அந்த வாய்க்குரிய விரிவு நிலையையும் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் இன்புட் சிக்னல் பிளஸ். இணையவழிப் படத்துக்கு வேகமும் சந்தாவும் எல்லை போடும். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. அதுவும் உயர்ந்த சந்தாவில் மட்டுமே கிடைக்கும்.

இழுத்து நிரப்பிய படம் தனி நோய். 4:3 அளவில் எடுத்ததை 16:9 திரைக்கு இழுத்தால் முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். கருப்பு-வெள்ளைக் காலப் படங்களுக்கு இருபுறமும் கருப்புப் பட்டை வருவதுதான் சரி. அகலத்திரைப் படங்களுக்கு மேலும் கீழும் வரும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973இன் ‘ராஜராஜ சோழன்’ முதல் இன்றைய படங்கள் பலவும் அப்படித்தான். காசு கொடுத்த திரை வீணாகிறது என்று ஜூம் போடுபவர்கள் இயக்குநர் வைத்த ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். எச்டி சானலிலும்கூடச் சில பெட்டிகள் ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்துப் பெரிதாக்கும். ஃபிட் டு ஸ்கிரீன், ஜஸ்ட் ஸ்கேன் போன்ற பெயரில் உள்ள அமைப்பு அதைத் தடுக்கும்.

கடை முறை, வீட்டு முறை

முதல் முறை இயக்கும்போது வீடா, கடையா என்று பெட்டி கேட்கும். கடை என்பதைத் தேர்ந்தால் ஒளி உச்சத்துக்குப் போய்விடும். நாம் மாற்றுவதையும் சற்று நேரத்தில் பழையபடி ஆக்கிவிடும். வீடு என்று தேர்ந்தாலும் விவிட், டைனமிக் போன்ற முறைகளில் ஷோரூம் வாசனை தங்கியிருக்கும். வெளிச்சம் கொட்டும் ஷோரூமில் இருபது பெட்டிகளுக்கு நடுவே கண்ணை இழுக்க வைத்த நீலச்சாய்வான வெண்மை அது. உலக ஒளிபரப்புத் தரம் குறிக்கும் வெண்மை சுமார் 6500 கெல்வின்; விவிட் முறையில் அது பல ஆயிரம் மேலே போய்விடும். மாநிறத் தோல் அதில் சாம்பல் பூத்துத் தெரியும். பட்டுப்புடவையின் அரக்கு, ஒளிரும் சிவப்பாகிவிடும்.

சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் முறையைத் தேர்வதே பாதி வேலை. ஃபிலிம்மேக்கர் முறையை யுஎச்டி கூட்டமைப்பு 2019இல் அறிவித்தது. கூடுதல் வேலைப்பாடுகளை அணைத்துவிடுவதுதான் அதன் பணி. மாற்றிய அன்று படம் மஞ்சளாகத் தோன்றும். சில நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். பிறகு பக்கத்து வீட்டு விவிட் முறைதான் விசித்திரமாகத் தெரியும்.

ஷார்ப்னஸ் நுணுக்கத்தைக் கூட்டுவதில்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. பெரும்பாலான பெட்டிகளில் சுழியத்தை ஒட்டி வைப்பது சரி. சோனி இதற்கு விலக்கு; அதில் நடுநிலை 50. சாம்சங்கின் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியின் ட்ருமோஷன், சோனியின் மோஷன்ஃபுளோ ஆகியவை இரண்டு சட்டங்களுக்கு நடுவே புதிய சட்டத்தைக் கற்பனை செய்து செருகுபவை. நொடிக்கு 24 சட்டங்களில் எடுத்த சினிமா இதனால் சீரியல் போல வழுக்கி ஓடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு அணைத்துவிடுவதே நல்லது. மின்சேமிப்பும் அறையொளி உணரியும் நம்மைக் கேட்காமல் திரையை மங்கலாக்கும். எதைச் சரிசெய்வதற்கு முன்பும் அவற்றை அணைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் செய்த வேலை நிலைக்காது.

ஹாலும் நேரமும்

4கே வேண்டுமா என்பதற்குக் கடையில் கிடைக்கும் பதிலைவிட அளவு நாடா தரும் பதில் நேர்மையானது. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரை பிரித்தறியும். அதன்படி 43 அங்குல ஃபுல் எச்டி திரையின் புள்ளிகள் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 55 அங்குலத்தில் 2.2 மீட்டர். மூன்று மீட்டர் தள்ளி அமரும் ஹாலில் 43 அங்குல 4கே பெட்டியின் கூடுதல் புள்ளிகளைக் கண் பார்க்கவே போவதில்லை. எச்டிஆரும் நல்ல பேனலும் அதில் சேர்ந்து வரலாம் என்பது வேறு. 32 அங்குல எச்டி ரெடி பெட்டிகூட 1.8 மீட்டருக்கு அப்பால் குறை சொல்ல முடியாதபடி இருக்கும்.

ஷோகேஸுக்கு மேலே உயரமாக மாட்டுவது நம் வழக்கம். பார்ப்பவர்களில் பாதிப்பேர் தரையில் அமர்ந்திருப்பார்கள். விஏ வகைப் பேனலில் நேரே பார்த்தால் கருமை ஆழமாக இருக்கும்; கீழிருந்து பார்த்தால் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனல் பக்கவாட்டில் தாங்கும், ஆனால் இருட்டறையில் கருமை சாம்பலாகும். மாட்டும் சட்டத்தை முன்னால் கொஞ்சம் சாய்க்க முடிந்தால் விஏ பேனலின் சிக்கல் குறையும். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் எந்தப் பேனலும் தப்பாது.

ஷிப்ட் வேலை நடக்கும் தடத்தில் ஒரே பெட்டியை நண்பகலில் ஒருவர் பார்ப்பார், நள்ளிரவில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவர் பார்ப்பார். ஒரே ஒளியளவு இரண்டுக்கும் ஒத்துவராது. இரவுக்கு மூவி முறையையும், பகலுக்கு அதே வெண்மையில் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாலுள்ள ஒளியை, மட்டும் உயர்த்திய ஸ்டாண்டர்ட் முறையையும் தயார் செய்து வைத்தால், ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். பகலுக்கு உயர்த்த வேண்டியது பேக்லைட். கருமையின் அளவை உயர்த்தினால் படம் முழுவதும் புகை படிந்தது போல் ஆகும். பழைய சாம்சங் மெனுக்களில் பிரைட்னஸ் என்றிருந்தது கருமையின் அளவு. புதியவற்றில் அதே பெயர் பேக்லைட்டைக் குறிக்கிறது. மாற்றும்முன் எது எது என்று ஒரு முறை நகர்த்திப் பார்ப்பது நல்லது.

ஸ்டெபிலைசர் வைத்தால் படம் தெளிவாகும் என்பது படக்குழாய்க் காலத்து நம்பிக்கை. இன்றைய பெட்டிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும். ஸ்டெபிலைசர் காப்பது பெட்டியைத்தான், படத்தை அல்ல. திரையைத் துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, மேலே உள்ள எதிரொளித் தடுப்புப் பூச்சைத் தின்றுவிடும், அந்தத் திட்டுகளை எந்த மெனுவாலும் சரிசெய்ய முடியாது.