பீன்யாவின் சரிவும் ‘கெரெ’ என்னும் சொல்லும்

பெங்களூரின் வடமேற்கிலுள்ள பீன்யாவைத் தொழிற்பேட்டையாகவே அறிந்திருக்கிறோம். நில அமைப்பில் அது ஒரு சரிவு. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் ஒரு முகடு நகரின் ஊடே ஏறத்தாழ வடக்குத் தெற்காகச் செல்கிறது. அதன் கிழக்கே விழும் மழை தென்பெண்ணையைச் சேர்ந்து கிருஷ்ணகிரி வழியே கடலூரை அடையும். மேற்கே விழுவது விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். பீன்யா இருப்பது மேற்குப்புறத்தில், விருஷபாவதியின் தலைப்பகுதிகளுள் ஒன்றில்.

செம்மண் சரிவில் கட்டடம் எழுப்புவோருக்கு விரைந்திறங்கும் நீரும், அது அரித்துவரும் மண்ணும் சேர்ந்தே வந்து சேரும். பழைய ஊர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே கையாண்டன. ஏரிக்குக் கன்னடத்தில் ‘கெரெ’ என்று பெயர். பழங்கன்னடத்தில் அது றகரம் பெற்ற சொல். தமிழில் அதன் இனச்சொல் ‘சிறை’. ‘கிவி’க்கு நம்மிடம் ‘செவி’ இருப்பதுபோல, இ, எ போன்ற உயிர்களுக்கு முன் ககரம் தமிழில் சகரமாயிற்று. தெலுங்குச் ‘செருவு’ம் மலையாளச் ‘சிற’யும் இக்குடும்பமே. தடுத்தல் என்னும் பொருளை நம் ‘சிறை’ இன்றும் விடவில்லை. (பீன்யாவை அடுத்த சொக்கசந்திராவின் ‘சந்திரா’வோ ‘சமுத்திர’த்தின் திரிபு. சிற்றேரியையும் கடலென்று அழைக்கும் பெருந்தன்மை அக்காலத்தவருக்கு இருந்தது.)

தடுக்கப்பட்ட நீர் வேகம் இழக்கும். வேகம் இழந்த நீர் மண்ணைக் கீழே படியவிடும். மேலேரி நிரம்பியதும் மிகைநீர் ‘கோடி’ வழியாக வெளியேறி, ராஜகாலுவெ எனும் பெருங்கால்வாயில் அடுத்த கெரெக்கு இறங்கும். தமிழகத்தின் வடமாவட்டங்களில் இன்றும் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். படிந்த வண்டல் கோடையில் வயலுக்கு வண்டியேறும். ஏரியைக் கட்டிப் பேணியவருக்குக் கன்னடக் கல்வெட்டுகள் ‘கட்டுக்கொடகெ’ என்ற நிலக்கொடையைக் குறிக்கின்றன. சோழநாட்டு ‘ஏரிப்பட்டி’ இதற்கு நெருங்கியது. இவ்வமைப்பில் நிலவிய சாதிப் படிநிலையை மறந்து இதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் சரிவு முழுவதும் ஒரே கணக்கில் இருந்தது.

கடப்பைப் பகுதியிலுள்ள போருமாமிள்ளைக் கல்வெட்டு (1369) ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளையும் ஆறு குற்றங்களையும் பட்டியலிடுகிறது. கரை கசிதல், உவர்நிலம் போன்ற குற்றங்களோடு, இரு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதும் ஒரு குற்றமாம். எல்லை குறுக்கிட்டால் பராமரிப்பு யார் பொறுப்பு என்பது நிற்காது என்பதை அக்கல் எழுதியவர் அறிந்திருந்தார்.

கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் 1966இல் அமைந்தது; பீன்யா உருப்பெற்றது 1970களில். தொழிற்கூடத்துக்குச் சமதளம் வேண்டும். எனவே மனையின் மேற்பாதி வெட்டப்பட்டு, அந்த மண் கீழ்ப்பாதியில் கொட்டப்படும். வெட்டிய முகத்தில் ஊற்று கசியும். கொட்டிய மண் நன்றாகத் திமிசு போடாவிட்டால் அமரும். மேலிருந்து வரும் நீரை வெட்டுமுகத்துக்கு முன்பே மறித்துத் திருப்பும் குறுக்கு வாய்க்கால், வேகம் தணிக்கும் படிக்கட்டு வடிகால், அடியில் வண்டல் தொட்டி ஆகியவை வேண்டும் என்பதைப் பொறியியல் மாணவர் எவரும் சொல்வார். இவற்றுள் முதலாவது திருப்பிய நீர் எங்கே போகும்? பக்கத்து மனைக்கு. போருமாமிள்ளை கண்ட எல்லைக் குற்றம் இங்கே ஒவ்வொரு சுற்றுச்சுவரிலும் திரும்ப நிகழ்கிறது.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, விருஷபாவதிப் பள்ளத்தாக்கின் வடிகால் நீளம் 1900களின் தொடக்கத்தில் சுமார் 226 கிலோமீட்டர். 2016–17இல் சுமார் 112. மீதியைக் காக்கச் சட்டம் கையாண்ட கருவி மீட்டர் அளவு. ஏரிக்கரையிலிருந்து 75 மீட்டர் விட வேண்டும் என்று 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்க, நகரப் பெருந்திட்டத்தின் 30 மீட்டர் மீண்டது. விவாதம் எண்ணைச் சுற்றியே நடந்தது. இரண்டுமே கரையிலிருந்து அளப்பவை. அரைக் கிலோமீட்டர் மேலே, மழைக்கு முன் மூடாமல் விடப்பட்ட அடித்தளக் குழியின் மண்மேடு எந்த அளவிலும் வராது. கால்வாயைத் தூர்ப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

‘எபிகிராபியா கர்னாடிகா’வின் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905இல் வெளிவந்தது, தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் நிறைய உண்டு. அதிலுள்ள ஏரிக்கொடைகளின் ஊர்ப்பெயர்களை இன்றைய வடிகால் வரைபடத்தின்மீது வைத்துப் பார்க்கும் வேலையில் ஆர்வமுள்ள கல்வெட்டியல், புவியியல் மாணவர்கள் எழுதுங்கள், சேர்ந்து செய்யலாம்.