தொழில் தலைமை ஓர் அமானிதம்: திருப்பூருக்குச் சில பாடங்கள்

திருப்பூரில் பெரும்பாலான பனியன்கள் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனப் பல இடங்களில் கைமாறிய பிறகுதான் பெட்டிக்குள் போகின்றன. எனவே ஒரு முதலாளியின் பொறுப்பு தன் கம்பெனி வாசலோடு முடிவதில்லை. இதுபற்றி நிர்வாகவியல் அறிஞர்கள் சொன்னவற்றை நம் மார்க்கத்தின் ஒளியில் பார்ப்போம்.

குறையை மறைக்காதிருத்தல்

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993), 1950-இல் ஜப்பானியருக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தவர். குறைகளில் பெரும்பங்கு தொழிலாளியால் அல்ல, வேலை நடக்கும் முறையால் வருகிறது. அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமே உள்ளது என்றார். தொழிலாளியின் பயத்தைப் போக்குங்கள் என்றும் வலியுறுத்தினார். துணியில் ஓட்டை இருப்பதைச் சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சும் டெய்லர், அதை அப்படியே தைத்து அனுப்பிவிடுவார்.

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். துணி வணிகரான இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைக் கூட்டாளி அக்குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டதால், வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

கூலியைத் தாமதிக்காதிருத்தல்

1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், உழைப்பே மக்களின் மூலதனம் என்றார். கூலியின்றி வேலை வாங்குவது பெரும் அநியாயம், அது நாட்டின் செழிப்பையே அழிக்கும் என ஆட்சியாளர்களை எச்சரித்தார்.

ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டுப் பணம் வரத் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தை அவர் ஜாப் ஒர்க் செய்பவர் மீதும், அவர் காண்டிராக்டர் மீதும் தள்ளினால், இறுதியில் சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருக்கும் தொழிலாளியே அதைச் சுமக்கிறார். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதி என்ற புகாரி ஹதீஸ் அதைவிடக் கடுமையானது.

தீங்கு செய்யாதிருத்தல்

அறிந்தே தீங்கு செய்யாதிருப்பது நிர்வாகியின் முதல் கடமை என்று 1973-இல் எழுதினார் பீட்டர் டிரக்கர். ஒரு கம்பெனி மட்டும் செலவு செய்து திருந்தினால் போட்டியில் பின்தங்கும். ஆகவே அனைவருக்கும் பொதுவான விதியை நிர்வாகிகளே முன்வந்து கேட்க வேண்டும் என்றார். நொய்யலில் அப்படி நடக்கவில்லை. ஆற்றில் சாயக்கழிவு கலந்து விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாய ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பிறகே உறுதியாக வேரூன்றியது.

லாபம் ஹலால்தான். ஆனால் நம் கீழ் உள்ளவர்களைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவோம். இந்தச் சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது, நாம் கொடுக்க வேண்டிய பாக்கி யாரிடம் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.